வைரத்துக்கு மதிப்பெண் – 7: ஜாகர் இறங்கிய படிகள்

வைரத்தில் இருக்கக்கூடாத நான்கு குற்றங்களைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை வரிசையிட்டுச் சொன்ன மதுரை வீதியில் இந்தத் தொடர் தொடங்கியது. கோல்கொண்டாவுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் டவெர்னியே, இந்தியர்கள் சுவர் மாடத்தில் விளக்கேற்றி வைத்து இரவில் கல்லின் நீரோட்டம் பார்த்ததை 1676-இல் வெளியான தன் பயண நூலில் பதிவு செய்ததைப் பிறகு பார்த்தோம். ஐரோப்பியர் ‘முதல் நீர், இரண்டாம் நீர், மூன்றாம் நீர்’ என்று படி பிரித்த கதையோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

இனி தென்னாப்பிரிக்கா.

பழைய வைர நகையோடு வரும் மதிப்பீட்டுத் தாள்களில் நிறம் என்ற இடத்துக்கு எதிரே ஜாகர், ரிவர், டாப் வெஸல்டன், டாப் கேப் என்று ஏதேனும் ஒரு பெயர் இருக்கும். சுத்தம் என்ற இடத்தில் ‘பெர்ஃபெக்ட்’ என்றோ ‘பிக்கே’ என்றோ எழுதியிருக்கும். இன்றைய சான்றிதழ்களில் டி, ஈ, எஃப் என்ற எழுத்துகளை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் உடனே தேடுவது ஓர் ஒப்பீட்டு அட்டவணையை. அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. ஜாகர் என்றால் டி, ரிவர் என்றால் டி அல்லது ஈ, டாப் வெஸல்டன் என்றால் எஃப், ஜி, வெஸல்டன் எச், டாப் கிரிஸ்டல் ஐ, கிரிஸ்டல் ஜே, டாப் கேப் கே, எல், கேப் எம், என். பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருக்கிறது. அந்த நேர்த்தியை நம்பி ஒரு பழைய தாளை இன்றைய விலையாக மாற்றுவது பெரும்பாலும் தவறில் முடியும் என்பதே இந்த வாரம் நான் நிறுவ விரும்புவது. அட்டவணை போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வலப்பக்கத்து எழுத்துகள் கட்டிவைக்கப்பட்டவை. இடப்பக்கத்துப் பெயர்களோ கால் முளைத்து நடந்தவை. அவை எங்கே பிறந்து எந்தத் திசையில் நடந்தன என்று தெரியாமல் இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியாது.

ஆறும் பண்ணையும்

1867-இல் ஆரஞ்சு ஆற்றங்கரையில், ஹோப்டவுன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணைச் சிறுவன் எடுத்து விளையாடிய கல் வைரம் என்று உறுதியானது. இரண்டே ஆண்டுகளில் ‘தென்னாப்பிரிக்காவின் நட்சத்திரம்’ என்று பெயர் பெற்ற பெரிய கல் கிடைத்தது. கூட்டம் ஆரஞ்சு ஆற்றுக்கும் வால் ஆற்றுக்கும் ஓடியது. 1870-இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் பண்ணையிலும், 1871-இல் பின்னாளில் கிம்பர்லி எனப் பெயர் பெற்ற இடத்திலும், ஆற்று மணலை விட்டு நிலத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். 1888-இல் செசில் ரோட்ஸ் கிம்பர்லிச் சுரங்கங்களை டி பியர்ஸ் என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார். 1890-இல் அதே வட்டாரத்தில் வெஸல்ஸ் என்பவரின் பண்ணையில் இன்னொரு சுரங்கம் திறந்தது. அதுதான் வெஸல்டன்.

அதுவரை உலகம் பார்த்திராத அளவுக்குக் கல் வந்து குவிந்தது. கோல்கொண்டாக் காலத்தில் ஒரு வணிகர் ஒவ்வொரு கல்லாகக் கையிலெடுத்து விளக்கில் பார்த்து விலை பேசினார். இப்போது கற்கள் பொட்டலம் பொட்டலமாக லண்டனுக்குக் கப்பலேறின. பொட்டலத்தைப் பிரிக்காமலேயே உள்ளே இருப்பதைச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணின் பெயரே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆற்றிலிருந்து வந்தது ரிவர். வெஸல்ஸ் பண்ணையிலிருந்து வந்தது வெஸல்டன். மஞ்சள் சாயல் கொண்ட கற்களை ஏராளமாக அனுப்பிய கேப் காலனியின் பெயர் மஞ்சள் சாயலுக்கே ஆகிவந்தது. ஊரின் பெயர் நிறத்தின் பெயரானது இப்படித்தான்.

முதல் பிசகு இங்கேயே இருக்கிறது. ஒரு சுரங்கம் ஒரே நிறத்தை மட்டும் தருவதில்லை. ஜாகர்ஸ்ஃபோன்டைனில் உயர்ந்த கல்லும் கிடைத்தது, சாதாரணக் கல்லும் கிடைத்தது. வெஸல்டனும் அப்படியே. ‘ரிவர்’ என்ற பெயருக்குக் கிடைத்த உயரத்தை மட்டும் கொஞ்சம் நியாயப்படுத்தலாம். ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு வரும் கற்களில் விரிசலும் பலவீனமும் உள்ளவை வழியிலேயே உடைந்து போகும். தாக்குப்பிடித்துக் கரை சேர்பவை பெரும்பாலும் திடமான நல்ல கற்கள். ஆனால் ஆறு விரிசலைத்தான் கழிக்கும், மஞ்சளைக் கழிக்காது. உறுதிக்குக் கிடைத்த நற்பெயரை நிறத்துக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் வணிகர்கள். ஆக, இந்தப் பெயர்கள் தொடக்கத்திலிருந்தே அளவைகள் அல்ல. ஒரு மண்ணின் புகழை ஒரு கல்லின்மேல் ஒட்டிய முத்திரைகள் அவை.

நீலமாக ஒளிர்ந்த மஞ்சள்

எல்லாப் பெயர்களுக்கும் தலைமேல் ஜாகர் எப்படிப் போய் உட்கார்ந்தது?

1893 ஜூன் 30 அன்று ஜாகர்ஸ்ஃபோன்டைனில் எக்ஸெல்சியர் கிடைத்தது. இன்றைய கணக்கில் 995.2 காரட். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து கல்லினன் கிடைக்கும்வரை உலகின் மிகப் பெரிய வைரம் அதுதான். அளவைவிட அதன் நிறமே அதிகம் பேசப்பட்டது. வெண்மைக்குள் ஒரு நீலப் பளபளப்பு. அந்தச் சுரங்கத்தின் நல்ல கற்கள் பலவும் அப்படித்தான் இருந்தன. ‘நீலவெண்மை’ என்ற ஆசை உலகச் சந்தையில் வேர்பிடித்தது. அந்த ஆசையின் பெயர் ஜாகர். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. டவெர்னியே காலத்து இந்திய வணிகர்கள் வான்நீலச் சாயலைத்தான் எல்லாவற்றிலும் மட்டமான நீரோட்டம் என்று ஒதுக்கினார்கள். இலை அடர்ந்த மரத்தடிக்குக் கல்லைக் கொண்டுபோய், பச்சை நிழலில் பிடித்து அந்த நீலத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். அதே சாயல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் விலையின் உச்சிக்கு ஏறியது.

அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்று விடை உண்டு. பூமியிலிருந்து எடுக்கும் வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் கலந்திருக்கிறது. மூன்று நைட்ரஜன் அணுக்கள் படிகத்தில் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்கும் அமைப்பை ‘என்-3’ என்கிறார்கள். அது ஒளியின் ஊதா முனையில், 415 நானோமீட்டர் அருகே, ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. விழுங்கியதுபோக மிஞ்சும் ஒளி நம் கண்ணுக்கு வெளிர்மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் இதே என்-3 அமைப்பு, புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரவும் செய்யும். மஞ்சளைத் தருவதும் நீலத்தைத் தருவதும் ஒன்றேதான். அப்படி ஒளிரும் கல்லைப் பகல் வெளிச்சத்தில் பிடித்தால், வெயிலில் உள்ள புற ஊதா நீலத்தைத் தூண்டிவிட, அந்த நீலம் மஞ்சளை மறைத்துவிடும். வெள்ளை வேட்டியின் பழுப்பை மறைக்க அலசும் தண்ணீரில் சொட்டு நீலம் விடுகிறோமே, அதே வேலை. மாலையில் விளக்கொளியில் பார்த்தால் தூண்டுவதற்குப் புற ஊதா போதாது. மஞ்சள் வெளியே வந்துவிடும்.

வைர வணிகர்கள் வடக்குப் பார்த்த சன்னல் வெளிச்சத்தில்தான் நிறம் பார்த்தார்கள். நேர்வெயில் படாத, நாள் முழுதும் அதிகம் மாறாத வெளிச்சம் என்பதால் அந்த வழக்கம். அதில் உண்மையான நிறமற்ற கல்லும், மஞ்சளை நீலத்தால் மறைத்துக்கொண்ட கல்லும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்திருக்கும். 1900-களின் தொடக்கத்தில் டிரான்ஸ்வாலில் திறந்த பிரீமியர் சுரங்கம் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டியது. மஞ்சள் உடம்பும் வலுவான நீல ஒளிர்வும் கலந்து, எண்ணெய் பூசியதுபோல் மங்கலாகத் தெரியும் கற்கள் அங்கிருந்து வந்தன. அப்படிப்பட்ட கல்லுக்கு ‘பிரீமியர்’ என்றே பெயராகி, அது மட்டமான தரத்தின் அடையாளமானது. ஜாகரிலும் நீலம், பிரீமியரிலும் நீலம். ஒன்று உச்சி, மற்றது பள்ளம். இடையில் இருந்த ஆயிரக்கணக்கான கற்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதைத் தீர்மானித்தவர் யார்? விற்பவர்தான்.

பெயர் உயர, கல் இறங்க

இதற்குப் பிறகு நடந்ததை ஒருவரின் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். யாரும் சூழ்ச்சி செய்யாமலேயே நடக்கக்கூடியது அது. ஒரு நகரத்தில் இரண்டு வைரக் கடைகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் கடைக்காரர் தன் கல்லைப் பார்த்து நேர்மையாக ‘வெஸல்டன்’ என்கிறார். அதே தரக் கல்லை இரண்டாமவர் ‘டாப் வெஸல்டன்’ என்கிறார். வாங்குபவருக்குச் சரிபார்க்க வழியில்லை; பெயரைக் கேட்டுத்தான் அவர் ஒப்பிடுகிறார். நேர்மையாகச் சொன்னவர் வியாபாரத்தை இழக்கிறார். அடுத்த ஆண்டு அவரும் ‘டாப்’ சேர்த்துக்கொள்கிறார். இரண்டாமவர் ரிவருக்குப் போகிறார். இருவரிடமும் ஜாகர்ஸ்ஃபோன்டைனின் ஓர் உண்மையான மாதிரிக் கல் இல்லாததால், ‘இதோ, இதோடு வைத்துப் பார்’ என்று யாரும் யாரையும் மறுக்க முடியாது. பெயர் ஒரு படி ஏறும்போதெல்லாம் அந்தப் பெயருக்குள் நுழையும் கல் ஒரு படி இறங்குகிறது.

இது வெறும் ஊகம் என்று சொல்பவர்களுக்குச் சான்று சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நகைத்தொழிலுக்கு வகுத்த வழிகாட்டு விதிகளில், வடக்குப் பகல் வெளிச்சத்திலோ அதற்கு நிகரான ஒளியிலோ நீலம் தவிர வேறு எந்தச் சாயலும் துளிகூடத் தெரியும் கல்லை ‘நீலவெண்மை’ என்று விற்பது ஏமாற்று என்று சொல்லப்பட்டிருக்கிறது. ‘பெர்ஃபெக்ட்’ என்ற சொல்லுக்கும் அங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு: குற்றமே இல்லாததாகவும், நிறத்திலும் வெட்டிலும் மட்டமில்லாததாகவும் இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். இரண்டு சொற்களுக்காக ஓர் அரசு அமைப்பு விதி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொற்கள் எந்தெந்தக் கற்களின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். அமெரிக்கக் கடைகளில் ஊர்ப் பெயர்களோடு எழுத்துகளும் புழங்கின. நல்ல கல்லுக்கு ஏ என்றார்கள். எல்லாக் கல்லும் ஏ ஆனதும் இரட்டை ஏ வந்தது, பிறகு மூன்று ஏ. ரோம எண்களும் சாதாரண எண்களும் வேறு. ஒரு கடையின் ஏ இன்னொரு கடையின் மூன்று ஏயைவிட நல்லதாக இருந்திருக்கலாம், தெரிந்துகொள்ள வழியில்லை.

1953

ராபர்ட் ஷிப்லி கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் நகைக்கடை நடத்தியவர். கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே கல் விற்கும் தொழில் இது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். 1931-இல் அவர் ஜெமலாஜிகல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகம் ஜி.ஐ.ஏ. என்று சுருக்கி அழைப்பது அதைத்தான். 1934-இல் அமெரிக்கன் ஜெம் சொசைட்டியையும் அவரே தொடங்கினார். காரட், கலர், கிளாரிட்டி, கட் என்று நான்கு ‘சி’களை மாணவர்களுக்கு நினைவில் நிற்பதற்காகச் சேர்த்துக் கொடுத்தவரும் அவர்தான்.

1952-இல் ஷிப்லி ஓய்வு பெற, ரிச்சர்ட் லிடிகோட் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு அவரும் சகாக்களும் ஒரு புதிய வரிசையைக் கொண்டுவந்தார்கள்.

அது டி-யில் தொடங்கியது. ஏ, பி, சி மூன்றையும் சந்தை ஏற்கெனவே தேய்த்து முடித்துவிட்டதால் அவற்றைத் தொடவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டி என்றால் மோசமான மதிப்பெண். அதை யாரும் ஆசைப்பட்டுக் கல்லில் ஒட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. டி முதல் இசட் வரை, நிறமின்மையிலிருந்து வெளிர்மஞ்சள் வரை இருபத்து மூன்று படிகள். எழுத்துகளில் எந்த ஊரும் இல்லை, எந்தப் புகழ்ச்சியும் இல்லை.

இதை ஒரு பெயர் மாற்றம் என்று எடுத்துக்கொண்டால் முக்கியமானதைத் தவறவிடுவோம். ‘டி’ என்ற எழுத்து மட்டும் சந்தைக்கு வந்திருந்தால், பத்தே ஆண்டுகளில் ‘டாப் டி’ வந்திருக்கும். எழுத்தோடு மூன்று கட்டுப்பாடுகள் சேர்ந்து வந்தன. நிறம் நிச்சயிக்கப்பட்ட மாதிரிக் கற்களின் வரிசை ஒன்று. பார்க்கும் கல்லை அவற்றின் பக்கத்தில் வைத்தே எழுத்து தர வேண்டும். சன்னல் வெளிச்சத்துக்குப் பதில் நிலையான செயற்கை ஒளி இரண்டாவது. மூன்றாவது, கல்லை நகையிலிருந்து கழற்றி, கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்திலிருந்து பார்ப்பது. மேல்முகத்தில் தெறிக்கும் ஒளி நிறத்தை மறைக்காதிருக்க. 1955-இல் ஜி.ஐ.ஏ. தன் முதல் வைர அறிக்கைகளைத் தரத் தொடங்கியது. அதோடு விற்பவர் ஒருவராகவும் தரம் சொல்பவர் வேறொருவராகவும் பிரிந்தார்கள். என் கணக்கில் டி என்ற எழுத்தைவிடப் பெரிய திருப்பம் அந்தப் பிரிவுதான்.

மற்றப் பத்திகள்

நிறம் மட்டுமா நகர்ந்தது? ஒரு பழைய தாளில் மிகத் துல்லியமாகத் தெரியும் எண் எடைதான், அதுவும் நகர்ந்திருக்கிறது. 200 மில்லிகிராம் என்ற மெட்ரிக் காரட்டை 1907-இல் எடை அளவைகளுக்கான சர்வதேச மாநாடு ஏற்றது. அமெரிக்கா 1913-இலும் பிரிட்டன் 1914-இலும் அதற்கு மாறின. அதற்கு முன் ஒவ்வொரு வணிக நகரத்துக்கும் ஒரு காரட். லண்டன் காரட் சுமார் 205 மில்லிகிராம். 1905-இல் பிரீமியர் சுரங்கத்தில் கிடைத்த கல்லினன் அன்றைய ஆங்கிலக் கணக்கில் 3,025.75 காரட். இன்று புத்தகங்களில் 3,106.75 காரட். கல் ஒரு துளியும் வளரவில்லை. 1914-க்கு முந்தைய ஆங்கிலத் தாளில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று என்று பின்னங்களில் எடை எழுதியிருந்தால், அந்தக் கல் இன்றைய தராசில் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். பழைய தாள்களில் வைத்திருப்பவருக்குச் சாதகமாகத் திரும்பும் அபூர்வமான இடம் இது.

சுத்தம் என்ற பத்தியிலோ ஜி.ஐ.ஏ.வே தன் சொற்களை மாற்றியிருக்கிறது. 1953-இல் குற்றமற்றது முதல் இரண்டாம் நிலைக் குறையுள்ளது வரை ஒன்பது படிகள். 1970-களில் ‘உள்ளே மட்டும் குற்றமற்றது’ என்ற புதுப் படி மேலே நுழைந்தது. கீழே ‘ஐ-3’ சேர்ந்தது. 1990-களில் ‘ஐ’ என்ற எழுத்தின் விரிவையே மாற்றினார்கள்: அதுவரை ‘குறையுள்ளது’ என்றிருந்தது ‘உட்பொருள் உள்ளது’ என்று மென்மையானது. விற்பவர் காதுக்கு இதமான மாற்றம்தான். ஆனால் படி நகரவில்லை. வெட்டு என்ற பத்தி இன்னும் பிந்தியது. வட்ட வைரத்தின் வெட்டுக்கு ஜி.ஐ.ஏ. தரம் கொடுக்கத் தொடங்கியது 2006-இல்தான். அதற்கு முந்தைய அறிக்கையில் வெட்டுத் தரம் இல்லை என்பதால் கல் மோசம் என்று ஒருவர் விலையைக் குறைத்தால், அவருக்குத் தேதி பார்க்கத் தெரியவில்லை என்று பொருள். அமெரிக்கன் ஜெம் சொசைட்டியின் அளவுகோலில் பூஜ்யம்தான் உச்சி, பத்துதான் அடி. அந்தத் தாளில் பூஜ்யத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எதிர்வாதங்கள்

பழைய பெயர்களுக்காக வாதாடுபவர்கள் சொல்வதில் வலுவானவை மூன்று. முதலாவது, ஸ்காண்டிநேவிய நாடுகள். டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து நான்கும் சேர்ந்து 1969-இல் ‘ஸ்கான் டி.என்.’ என்ற விதித்தொகுப்பை உருவாக்கின. ரிவர், டாப் வெஸல்டன், வெஸல்டன் என்ற அதே பழைய பெயர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மாதிரிக் கற்களோடு பொருத்தினார்கள். அப்படியானால் பெயர்மேல் குற்றமில்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, என் வாதத்துக்கே அது துணை. 1975-இல் கோபன்ஹேகனில் எழுதிய தாளில் ‘டாப் வெஸல்டன்’ இருந்தால் ஒப்பீட்டு அட்டவணையைத் தாராளமாக நம்பலாம். 1935-இல் வேறோர் ஊரில் ஒரு கடைக்காரர் எழுதிய ‘டாப் வெஸல்டன்’ அந்த அட்டவணைக்குள் வராது. எழுத்து ஒன்றேதான், பின்னால் நிற்கும் கல் வேறு. தாளில் முதலில் படிக்க வேண்டியது நிறமல்ல, ஆண்டும் ஊரும் கையெழுத்தும்.

இரண்டாவது, எழுத்துகளும் நழுவத்தான் செய்கின்றன என்பது. உண்மை. டி-இசட் வரிசையைப் பல ஆய்வகங்கள் எடுத்துக்கொண்டன. சில அதைத் தாராளமாக வழங்கின. சுத்தத்தின் படிகளில் எஸ்.ஐ.-2-க்கும் ஐ-1-க்கும் நடுவே ‘எஸ்.ஐ.-3’ என்ற படியைச் சந்தை நுழைத்துக்கொண்டது, ஜி.ஐ.ஏ. அதை ஏற்கவே இல்லை. 2014-இல் ராப்நெட் என்ற வைர வணிகத் தளம், ஈ.ஜி.எல். என்ற பெயரில் வரும் அறிக்கைகளை இனிப் பட்டியலில் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. ஆனால் இந்த நழுவல் எப்படி வெளியே தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே கல்லை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, இரண்டு எழுத்துகளையும் ஒரே மாதிரிக் கல் வரிசையின்முன் வைத்து, இது தளர்வு என்று சொல்ல முடிந்தது. ஜாகர் நழுவியபோது அப்படிச் சொல்ல யாரிடமும் கருவி இல்லை. எந்த அளவுகோலும் நழுவும். நழுவியதைக் காட்டிக்கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்பதே அதன் தகுதி.

மூன்றாவது வாதம் உணர்ச்சியைத் தொடுவது: அந்தக் காலத்து வணிகர்களின் கண், இன்றைய இயந்திரங்களுக்கு வருமா? வராமல் போகலாம். இரண்டு கற்களை அருகருகே வைத்தால் எது வெண்மை என்று அந்தக் கண்கள் நொடியில் சொல்லியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மதிப்பீட்டுத் தாள் கேட்கும் வேலை அதுவல்ல. இன்று கையிலிருக்கும் கல்லை, ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் வேறொருவர் பார்த்த கல்லோடு ஒப்பிடச் சொல்கிறது அது. எந்தக் கண்ணுக்கும் அந்த நினைவாற்றல் கிடையாது. போதாததற்கு அவர்கள் பல சமயம் நகையில் பதித்த கல்லையே பார்த்தார்கள். மஞ்சள் தங்கம் தன் நிறத்தைக் கல்லுக்கு ஏற்றும். பின்னால் தகடு வைத்து மூடிக் கட்டிய கல்லில் தகட்டின் பளபளப்புத்தான் முன்னே வரும்.

இதற்கிடையில் நீலம் இன்னொரு முறை தலைகீழானது. 1997-இல் ஜி.ஐ.ஏ. ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், வலுவாக நீலம் ஒளிரும் கற்கள் மேல்முகமாகப் பார்க்கையில் சற்றே நல்ல நிறமாகத் தெரிந்தன. கவிழ்த்துப் பார்க்கையில் அப்படியொரு போக்கு இல்லை. ஆனால் சந்தை அதற்குள் ஒளிர்வைக் குறையாகவே பார்க்கப் பழகிவிட்டது. டி, ஈ தரத்தில் வலுவான ஒளிர்வுள்ள கல் இன்று அதே தரத்தின் ஒளிராத கல்லைவிடக் குறைந்த விலைக்கே போகிறது. ஒரு காலத்தில் ஜாகர் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அதே குணத்துக்கு, இன்று தள்ளுபடி கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஜாகர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘ப்ளூ ஜாகர்’ வைரத்தோடு என்ற பேச்சு நம் வீடுகளிலும் நகைக்கடைகளிலும் கேட்பதுதான். ஏழு கல் தோட்டைக் காட்டி ‘அந்தக் காலத்து ப்ளூ ஜாகர்’ என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஆனால் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பின் வாங்கிய கல்லை ஜாகர் என்று விற்றிருந்தால், அது அந்த மண்ணின் கல் என்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு முன் வாங்கியதும் பெயரளவில் மட்டும் ஜாகராக இருந்திருக்கலாம். நல்ல கல்லாக இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்லதா இல்லையா என்பதை அந்தச் சொல்லால் சொல்ல முடியாது என்கிறேன்.

அப்படியானால் பழைய தாளைக் கிழித்துவிடலாமா? கூடாது. எடை, நீளம், அகலம், வெட்டு முறை, எந்த ஆண்டு யார் பார்த்தது என்பதெல்லாம் கல்லின் அடையாளத்துக்குச் சாட்சி. நிறம், சுத்தம் என்ற இரண்டு பத்திகளை மட்டும், அன்றைய விற்பவரின் கருத்து என்ற அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். விற்கும் எண்ணமோ பாகப் பிரிவினையோ இல்லாவிட்டால், தரம் தெரிவதற்காக மட்டும் பழைய நகையிலிருந்து கல்லைப் பெயர்ப்பதும் நல்லதல்ல; பழைய கட்டு வளைந்தால் அந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது அரிது. பதித்த நிலையிலேயே ‘ஜி-க்கும் ஐ-க்கும் இடையில்’ என்பதுபோல் ஒரு வரம்பு சொல்லும் மதிப்பீட்டாளரே நேர்மையானவர். பதித்த கல்லைப் பார்த்துவிட்டு ஒற்றை எழுத்தை உறுதியாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

டி-இசட் வரிசைக்கே இப்போது புதிய சோதனை வந்திருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களுக்கு 2025 அக்டோபர் முதல் ஜி.ஐ.ஏ. இந்த எழுத்துகளைத் தருவதில்லை. ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறது. எழுத்துகளைக் கண்டுபிடித்த நிறுவனமே மறுபடி சொற்களுக்குத் திரும்பியிருக்கிறது. இதன் வேரும் லிடிகோட் தன் வரிசையைக் கொண்டுவந்த அதே 1953-இல்தான் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் ஏ.எஸ்.இ.ஏ. என்ற மின்பொறி நிறுவனத்தின் ஆட்கள் தங்கள் அழுத்த இயந்திரத்தைத் திறந்து, மனிதன் செய்த வைரத் துணுக்குகளை வெளியே எடுத்தார்கள். எடுத்தவர்கள் அதை உலகத்துக்கு அறிவிக்கவில்லை. ஏன்?

(அடுத்த வாரம்)